வடக்குக் கோலை மறைக்கும் மரத்தை வெட்ட வேண்டாம்

அனுப்புநர்:
குமுதவல்லி த/பெ வீராச்சாமி,
பேருந்து ஓட்டுநர்,
புளோக் 47, ஒன்பதாம் மாடி, வீட்டு எண் 312,
மெராந்தி அவென்யூ 2, சிங்கப்பூர்.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
மெராந்தி நகர மன்றம், சிங்கப்பூர்.

பொருள்: புளோக் 47-க்கும் மெராந்தி விளையாட்டரங்கத்துக்கும் இடையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளை வெட்டக் கோரி நானே கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல், ஒன்பதாம் மாடிப் பொது நடைவழியில் இரண்டு நாற்காலிகளைக் கடைசி ஆட்ட நாளில் மட்டும் அனுமதிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் மன்றத்தின் 24.9.2019 தேதியிட்ட இரண்டு கடிதங்கள் (ஒன்று மகிழ்ச்சியான செய்தி, மற்றது எச்சரிக்கை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் முந்தைய இரண்டு புகார்களையும் இணையப் படிவத்தில் அனுப்பினேன். அந்தக் கட்டத்துக்குள் ஐந்நூறு எழுத்துக்கு மேல் ஏறவில்லை. அதனால் மரம் மறைக்கிறது, வெட்டவும் என்பது மட்டும் தங்களிடம் வந்து சேர்ந்தது. ஏன் என்பது என்னிடமே தங்கிவிட்டது. இம்முறை தாளில் எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

1. நான் மெராந்தி ரோவர்ஸ் காற்பந்துக் குழுவின் ரசிகை. இருபத்தாறு வருடமாக. இந்த ஆண்டு எட்டுக் குழுக்களில் நாங்கள் எட்டாவது. பத்துக் குழுக்கள் ஆடிய ஆண்டில் பத்தாவது. இங்கிலாந்துக் குழுக்களுக்காக விடியற்காலையில் எழுந்து உட்காரும் நாடு இது. உள்ளூர்க் குழுவுக்காகச் சாயங்காலம் ஏழரைக்கு எழுந்திருக்க ஆள் இல்லை. என்னுடன் வேலை செய்யும் ஓட்டுநர்கள், "அக்கா, அந்த டீமு ஆடுறத எனக்குக் காசு குடுத்தாலும் பாக்க மாட்டேன்" என்பார்கள். சொந்த மைதானத்தில் ஆட்டம் இருக்கும் நாள்களில் எனக்குக் காலை வேலை போடுங்கள் என்று பணிமனையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறு எதையும் நான் அவர்களிடம் கேட்டதில்லை.

2. என் பக்கத்து வீடு 314. அங்கே குடியிருப்பவர் திருமதி சாடியா பிந்தி யூனுஸ், வயது அறுபத்தெட்டு. அவர்கள் மொழியில் அக்காவுக்குக் காக் என்று பெயர். நானும் காக் என்றே கூப்பிடுகிறேன். நாங்கள் பேசிக்கொள்வது மலாய். அவர் சொன்னவற்றை இங்கே தமிழில் எழுதுகிறேன். காக் சாடியா இருபத்திரண்டு ஆண்டுகள் மெராந்தி அரங்கத்தில் வடக்குக் கோலுக்கு நேர் பின்னால், கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்று ஆட்டம் பார்த்தவர். எதிரணிக் கோல்காப்பாளர்களைத் திட்டியே தொண்டை கட்டிக்கொண்டவர். ஒருமுறை ஒரு கோல்காப்பாளர் ஆட்டம் முடிந்ததும் வேலியருகே வந்து, அத்தை என்று மலாயில் கூப்பிட்டு, "மாக்சிக், இன்னைக்குக் கொஞ்சம் கொறச்சுத்தான் திட்டுனீங்க, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

3. சர்க்கரை நோய் முதலில் அவருடைய இடக்கண்ணை எடுத்தது. சென்ற ஆண்டு வலக்கண்ணையும் எடுத்துக்கொண்டது. இப்போது விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிறது. அரங்கத்துக்கே அழைத்துப் போகலாமே என்று மரத்தைப் பார்க்க வந்த தங்கள் அதிகாரி கேட்டார். போனோம், இரண்டு தடவை. தலைக்கு மேல் ஒலிபெருக்கி அலறியது. எந்த ஓசை எந்தக் கோலிலிருந்து வருகிறது என்று அவரால் பிரிக்க முடியவில்லை. பழகியவர்கள் சிலர் வந்து, தெரிகிறதா பார்ப்போம் என்று அவர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார்கள். காற்று பட்டதில் அவருக்கு அது தெரிந்துவிட்டது. வீடு திரும்பும் வழியில், இனிமேல் வேண்டாம் என்றார்.

4. அன்றிலிருந்து ஒன்பதாம் மாடி நடைவழிதான் எங்கள் அரங்கம். ஏழே காலுக்கு இரண்டு நாற்காலிகளை வெளியே எடுத்துப் போடுவேன். காக் பச்சை நிறக் குழுச் சட்டையை பாஜு குரோங் அங்கிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு வருவார். ஒரு டப்பாவில் கறிபாப், ஒரு பிளாஸ்கில் தேநீர். கீழே அரங்க விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறும்போது புல்தரை தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல மெல்லப் பச்சையாகத் தெரிய ஆரம்பிக்கும். தெற்குக் கோலும் நடு மைதானமும் நன்றாகத் தெரியும். வடக்குக் கோல் தெரியாது. அங்கேதான் அந்தத் தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. இருட்டும் நேரத்தில் அது இலைகளை மூடிக்கொண்டு தூங்கிவிடும். ஆனாலும் வழி விடாது. வெளிச்சம் மட்டும் கிளைகளுக்கிடையே பொட்டுப் பொட்டாகக் கசியும். ஆட்டக்காரர்கள் பந்தோடு ஓடி மரத்துக்குள் போவார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு பந்து மட்டும் தனியாக வெளியே வரும்.

5. தெரிகிற பக்கத்தை நான் காக்குக்குச் சொல்வேன். ஆரம்பத்தில், "பஸ் ஸ்டாப் பேரு சொல்ற மாதிரி சொல்லாத, வல்லி" என்று கடிந்துகொண்டார். இப்போது பழகிவிட்டேன். தெரியாத பக்கத்தையும் நானே சொல்லிவந்தேன். அதாவது, கற்பனையாக. இந்த ஏப்ரலில் ஒரு கோலை ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் அடித்தார் என்று கை கால் எல்லாம் வைத்துச் சொன்னேன். ஒன்பதாம் எண் அன்று ஆடவே இல்லை என்று மறுநாள் காக்கின் மகன் சொல்லியிருக்கிறார். காக் என்னைத் திட்டவில்லை. தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல், அந்தப் பக்கத்தை என்னிடம் விட்டுவிடு என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அந்த வாரமே தங்களுக்கு முதல் புகாரை அனுப்பினேன்.

6. அதன்பின் வடக்குக் கோல் காக்கின் பொறுப்பாயிற்று. பந்து மரத்துக்குள் போனதும் நான் வாயை மூடிக்கொள்வேன். அவர் முகத்தைச் சற்றே சாய்த்து, உள்ளே நடப்பதைச் சொல்வார். பந்து இரும்புக் கம்பத்தில் பட்ட ஓசை, விளம்பரப் பலகையில் பட்ட ஓசை, கோல்காப்பாளர் தம் ஆட்களை ஏசும் ஓசை எல்லாம் அவருக்குப் பாடம். யார் அடித்தார், யார் தடுத்தார் என்பதில் மட்டும் அவர் கொஞ்சம் தாராளமாக இருப்பார். பதினெட்டு வருடத்துக்கு முன் ஆட்டத்தை விட்டுப் போய், இப்போது ஜொகூரில் மீன்கடை வைத்திருப்பவர்கூடச் சில நாள் அந்த மரத்துக்குள் பந்தைத் தலையால் முட்டுவார். பொய் கூடாது என்று எனக்குச் சொன்னீர்களே காக் என்று கேட்டேன். "நான் எங்க பொய் சொன்னேன்? காதுல விழுந்தத சொல்றேன்" என்றார். ஆனால் கோல் விழுந்ததா இல்லையா என்பதில் அவர் தவறியதே இல்லை. ஆகஸ்டில் ஒரு மாலை, மழைக்குப் பின் எழுந்த ஆவியில் மைதானமே வெள்ளையாகிவிட்டது. எனக்கு எந்தப் பக்கமும் தெரியவில்லை. இரண்டாம் பாதி முழுவதையும் அவரே சொன்னார். நான் பேசாமல் கறிபாப் தின்றுகொண்டு கேட்டேன். என் வாழ்நாளில் அதைவிட நல்ல ஆட்டத்தைப் பார்த்ததாக நினைவில்லை.

7. இதற்கெல்லாம் பிறகும் நான் இரண்டாவது புகாரை அனுப்பினேன் என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். மரம் போனால் இரண்டு பக்கத்தையும் நானே பார்த்துச் சொல்லலாம், காக் காதைத் தீட்டிக்கொண்டு சிரமப்பட வேண்டாம் என்று நினைத்தேன். அவருக்குத் தெரியாமல் செய்து திடீரென்று சொல்லலாம் என்றும் ஆசை. ஆட்ட நேரத்தில் வந்து பார்த்தால்தான் உண்மை விளங்கும் என்று அதிகாரியை வற்புறுத்தி வரவழைத்ததும் நானே. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான், வேறு யாரும் இல்லை.

8. செப்டம்பர் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை, தங்கள் அதிகாரி திரு எட்வின் போ வந்தார். மிகவும் மரியாதையான மனிதர். காலணியைக் கழற்றவா என்றுகூடக் கேட்டார். மரத்தைப் படம் எடுத்தார். வெட்ட வேண்டியதுதான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு திரும்பி நாற்காலிகளைப் பார்த்தார். அவர் முகம் மாறியதைக் கண்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. அளவுநாடாவை எடுத்தார். நாற்காலி போக நடைவழியில் ஒரு மீட்டர் நான்கு சென்டிமீட்டர் மிச்சம். ஒரு மீட்டர் இருபது இருக்க வேண்டுமாம். அளவு சரிதான், நானும் கூடப் பிடித்தேன். ஆதாரத்துக்காக அவர் நாற்காலிகளைப் படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கிய நேரம், ஆட்டத்தின் அறுபத்து மூன்றாவது நிமிடம். பந்து மரத்துக்குள் இருந்தது. காக் இரண்டு கைகளையும் தூக்கி, "கோல்" என்றார். திரு எட்வின் மரத்தைப் பார்த்தார். மரம் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் கீழேயிருந்து ஆரவாரம் எழுந்து வந்தது. எப்படித் தெரிந்தது என்று அவரே காக்கிடம் கேட்டார். "கோல் விழறதுக்கு முன்னாடி கூட்டம் ஒரு நொடி வாய மூடும், தம்பி. அதத்தான் கேக்கணும்" என்றார் காக். ஆகவே நான் எழுதுவது கட்டுக்கதை அல்ல என்பதற்குத் தங்கள் அதிகாரியே சாட்சி.

9. அவர் போன பிறகு, மரத்தைப் பற்றி என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று காக் கேட்டார். சொன்னேன். மகிழ்வார் என்று நினைத்துச் சொன்னேன். அவர் கறிபாப் டப்பாவை மூடினார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பக்கம் ஒண்ணுலதான் நீயும் நானும் சமம், வல்லி. அதையும் வெட்டச் சொல்லிட்டியா?"

பேருந்து ஓட்டுபவள் நான். முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் பார்த்துப் பழகியவள். பக்கத்து நாற்காலியில் இருந்ததை ஒரு வருடமாகப் பார்க்கவில்லை. அன்றைக்கு அழுதேன், ஐயா.

10. தங்கள் கடிதங்களின்படி நாற்காலிகளை அக்டோபர் எட்டாம் தேதிக்குள் அகற்ற வேண்டும். ஒப்பந்தக்காரர் பத்தாம் தேதி வியாழக்கிழமை வந்து கிளைகளை வெட்டுவார். பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை, இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். அதன்பின் அரங்கம் சீரமைப்புக்காக இரண்டு ஆண்டுகள் மூடப்படும்; எங்கள் குழு தீவின் மறுகோடிக்குப் போய் ஆடும். ஒன்பதாம் மாடியிலிருந்து அவ்வளவு தூரம் தெரியாது, கேட்கவும் கேட்காது. எங்களிடம் மிச்சமிருப்பது அந்த ஓர் ஆட்டம்தான். எனவே பணிவுடன் கேட்டுக்கொள்வன:

(அ) மரத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். என் இரண்டு புகார்களையும் கொடுக்காதவையாகக் கருத வேண்டும்.

(ஆ) பன்னிரண்டாம் தேதி மாலை ஏழே காலிலிருந்து ஒன்பதே முக்கால் வரை இரண்டு நாற்காலிகளை அனுமதிக்க வேண்டும். காக்கின் முட்டி இரண்டு மணி நேரம் நிற்காது. தீப்பிடித்தால் மடக்கி எடுத்துக்கொண்டு முதலில் இறங்குபவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். இந்த மாடியில் மற்ற ஆறு வீட்டாரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்ததை இணைத்திருக்கிறேன். 318-இல் இருப்பவர் மட்டும், உங்கள் குழு தோற்கும்போது சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறார். அதை ஏற்றுக்கொண்டோம்.

(இ) எச்சரிக்கைக் கடிதத்தில் சான்று இரண்டு என்று ஒரு புகைப்படம் இருக்கிறது. நாற்காலிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். வட்டத்துக்கு மேலே காக்கின் இரண்டு கைகளும் முகமும் இருக்கின்றன. ஆரவாரம் வந்து சேர்வதற்கு முந்தைய நொடி அது. கோலை அறிந்தவர் அந்த நேரத்தில் அவர் ஒருவர்தான். வட்டம் இல்லாத படி ஒன்று கிடைத்தால் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வோம்.

11. தாங்களும் திரு எட்வினும் அன்று வர விரும்பினால் கறிபாப் உண்டு. நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். மூன்றாவது நாற்காலி விதிமீறலாகிவிடும்.

12. இந்த மனுவை நேற்று காக்குக்கு மலாயில் வாசித்துக் காட்டினேன். இதையும் மீறி மரத்தை வெட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டார். பந்து அந்தப் பக்கம் போகும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன், காக் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் சிரித்தார். "நீயா?" என்று மட்டும் கேட்டார்.

ஐயா, சனிக்கிழமை இரண்டாம் பாதியில் எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் பந்தோடு வடக்குக் கோலை நோக்கித் தனியாக ஓடுவார். கோல்காப்பாளர் முன்னே வருவார். கூட்டம் ஒரு நொடி வாயை மூடும். அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ள என்னால் முடியாது. இருபத்தாறு வருட ரசிகை நான். அதனால்தான் அந்த மரம் எனக்கு வேண்டும்.

தங்கள் உத்தரவு பத்தாம் தேதிக்குள் வந்துசேரும் என்ற நம்பிக்கையுடன்,

இடம்: சிங்கப்பூர்
தேதி: 2.10.2019

குமுதவல்லி த/பெ வீராச்சாமி

சாடியா பிந்தி யூனுஸ்
(கையெழுத்து கோட்டைத் தாண்டி மேலேறியிருக்கிறது. அவருடையதுதான், நான் கையைப் பிடிக்கவில்லை.)