ஒரே நிற விமானிகள்

மார்ச் 3

அன்புள்ள தளபதிக்கு,

இங்கே நான் நலம். ஹாஸ்டல் அறையில் ஜன்னல் ஒன்று, கொசு ஆயிரம். புது அலுவலகத்தில் வரைபடப் பிரிவுக்கு நான்தான் தலைவி என்பதை இன்னும் என்னாலேயே நம்ப முடியவில்லை.

நீங்கள் அனுப்பிய மாதிரிச் சீட்டுகள் வந்தன. கல்யாணமான நாளிலிருந்து ஏழு வருஷமாக நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து செய்த உலகப் போர்ச் சீட்டு விளையாட்டில் கடைசி நேரத்தில் இப்படிக் கோட்டை விடலாமா? காமன்வெல்த் விமானப் படையில் ஒரு ஸ்குவாட்ரனுக்குக் கனடா என்று பெயர் இருந்தால் பன்னிரண்டு விமானிகளும் கனடாக்காரர்களா? எல்லாருக்கும் கனடாவுக்கான ஒரே சிவப்பு அடித்து வைத்திருக்கிறீர்கள். பெயர்தான் கனடாவுடையது. உள்ளே ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரர் எல்லாரும் கலந்துதான் பறந்தார்கள்.

ஒவ்வொரு விமானிக்கும் தனித்தனியாக நாடு குறித்து அனுப்புங்கள். அப்புறம்தான் பென்சிலில் வரைந்து வைத்திருக்கும் முகங்களுக்கு நிறம் அடிப்பேன். அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
உங்கள் ஓவியர்


மார்ச் 9

அன்புள்ள பிடிவாதக்காரிக்கு,

அம்மாவுக்கு வலி தேவலை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பிளேன்ல போனவனுக்கெல்லாம் இவ்ளோ கவலை, என் முட்டிக்கு ஒரே வரியா?" என்று கேட்டாள்.

நாற்பது ஸ்குவாட்ரன் இருக்கிறது, தாயே! ஒவ்வொருத்தனுக்கும் ஊர் விசாரித்துக்கொண்டிருந்தால் விளையாட்டு வெளிவந்த மாதிரிதான். வாங்குகிறவன் சுட்டு விளையாட வாங்குகிறான், குலம் கோத்திரம் கேட்க இல்லை. உனக்கும் வேலை மிச்சமாகட்டும் என்றுதான் நானே முடிவு செய்தேன். மாதக் கடைசியில் அச்சகத்துக்குப் போக வேண்டும், அடம் பிடிக்காதே.

நீ இல்லாமல் வீடு வீடாகவே இல்லை.

இப்படிக்கு,
தளபதி


மார்ச் 14

அன்புள்ள தளபதிக்கு,

"நானே முடிவு செய்தேன்." இந்த வரியோடு எனக்குப் பழைய பழக்கம். போன வருஷம் என் பதவி உயர்வு வந்தபோது, "அவ அவ்ளோ தூரம்லாம் போக மாட்டா சார்" என்று என் மேலாளருக்குப் போன் போட்டதும் நீங்கள்தான். அவர் என்னையும் ஒரு வார்த்தை கேட்டார், பிழைத்தேன். கோபம் இன்னும் இருக்கிறது, மறைப்பானேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். ஒவ்வொரு விமானிக்கும் ஒரு முறை பகடை உருட்டுங்கள். மூன்றுவரை விழுந்தால் ஸ்குவாட்ரனின் சொந்த நாடு. நான்கு, ஐந்து என்றால் பிரிட்டன். ஆறு விழுந்தால் மற்ற நாடுகளின் பெயர் எழுதிய சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றை உருவுங்கள். விளையாடுகிறவர்களுக்கு இதில் ஒரு குழப்பமும் வராது.

முடியாது என்றால் பெட்டியில் என் பெயர் வேண்டாம். இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் ஓவியர்


மார்ச் 23

அன்புள்ள பிடிவாதக்காரிக்கு,

முதலில் எரிச்சலோடுதான் உருட்ட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை பேங்க் நண்பர்கள் விளையாடிப் பார்க்க வந்தார்கள். எங்கள் கேஷியர் ஒரு சீட்டை எடுத்து, "நியூசிலாந்துக்காரன் இந்தக் கூட்டத்துல எப்படிடா வந்து மாட்டினான்?" என்றார். அடுத்த சுற்றில் அந்த விமானி சுடப்பட்டான். சீட்டைப் பெட்டிக்குள் போட மனசு வராமல் மனுஷர் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நீ சொன்னதுதான் சரி. நாற்பது ஸ்குவாட்ரனுக்கும், ஒருத்தன் விடாமல் உருட்டி முடித்துவிட்டேன், பட்டியல் இத்துடன். கை கழன்று விழாத குறைதான். ஆறு விழும்போதெல்லாம் அம்மா கைதட்டினாள்.

இன்னொரு நல்ல செய்தி. உன் பழைய மேலாளர் பேங்குக்கு வந்திருந்தார். இங்கேயே உன் பதவிக்குச் சமமான இடம் காலியாம். ஒன்றாம் தேதி வந்து சேர்ந்துவிடுவாய் என்று சொல்லிவிட்டேன். நீ அறையைக் காலி செய்வதாக ஹாஸ்டலுக்கும் போன் செய்தாயிற்று. நீ வரைகிற மேஜையை வெளிச்சம் விழுகிற பக்கமாக நகர்த்திப் போட்டிருக்கிறேன். அலைச்சல் எதுவும் இல்லாமல் நீ வந்து இறங்கினால் போதும்.

இப்படிக்கு,
சந்தோஷத்துடன் தளபதி


மார்ச் 27

அன்புள்ள உங்களுக்கு,

ராத்திரியெல்லாம் கண் விழித்து, உங்கள் பட்டியல்படி எல்லா விமானிகளின் முகத்துக்கும் நிறம் அடித்துப் பார்சலில் அனுப்பிவிட்டேன். பெட்டியில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும், எனக்குப் பெருமைதான். கேஷியர் சீட்டைக் கையிலேயே வைத்திருந்ததைப் படித்து அழுதுவிட்டேன்.

என் அறையை அதற்குள் வேறொருத்திக்கு எழுதிவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப வாங்கினேன். மேலாளருக்கு, அந்த இடம் வேண்டாம் என்று நானே எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தின் முதல் பாதியைப் படித்தபோது ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தது. லீவு கேட்கக்கூட எழுந்துவிட்டேன். முகம் தெரியாத அத்தனை பேருக்கும் ஒவ்வொருவராகக் கை வலிக்க உருட்டியிருக்கிறீர்கள். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பேன்.

இனி வரமாட்டேன். அத்தையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அச்சகத்தில் நிறம் ஏதும் மாறினால் எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

இப்படிக்கு,
வரைபடப் பிரிவுத் தலைவி