கிழித்த கடைசி அத்தியாயம்

பிரிக்பீல்ட்ஸ்,
வெள்ளிக்கிழமை

பண்டமாரானில் இருக்கும் தங்கச்சிக்கு,

நாற்பத்தெட்டு வருடம் கழித்து எழுதுகிறேன். கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. என்னோடு சண்டை போட்டுக்கொண்டு, மூன்று நிலாக் கிரகத்து ராணி கதையின் கடைசி அத்தியாயத்தை நீ கிழித்துக்கொண்டு போனது நேற்று நடந்த மாதிரி இருக்கிறது.

மிச்சத்தை உன் அத்தான் எனக்கு நூறு தடவை படித்துக் காட்டியிருப்பார். கதாநாயகன் உடம்பைக் கப்பல் அறையில் போட்டுவிட்டு, உயிராக மட்டும் ராணியிடம் போவான். அதோடு நின்றுவிடும்.

புதன்கிழமை காலையில் பசியாறிவிட்டுப் படுத்தவர், "ராணி கூப்பிடறா, போய்ட்டு வரேன்லா. உடம்பப் பத்திரமாப் பாத்துக்க" என்றார்.

"எழுபத்தெட்டு வயசுல ராணி கேக்குதா?" என்று ஏசினேன். சிரித்தார்.

இன்னும் எழுந்திருக்கவில்லை. அறை குளிர ஏர்கானை நிறுத்தாமல் ஓட விட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் புனிதா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆன்டி, அங்கிள் எங்க?" என்கிறாள். தூங்குகிறார் என்று சொல்லி, அவளிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கதையில் அவன் உடம்புக்குத் திரும்பி வந்தானா? அந்தத் தாள்களோடு உடனே வா. அதுவரை தலைமாட்டில் விளக்கு ஏற்றமாட்டேன். கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டமாட்டேன். அவர் திரும்பி வந்தால் நடக்க வேண்டுமே.

உன் அக்கா