மருந்து வேலை

மார்ச் 2, வெள்ளி

விடியும்போதே வெயில். குழாயில் தண்ணீர் இல்லை, மூன்றாவது நாள்.

இந்த டைரி தி.தங்கலில் பைண்டிங் வேலை பார்க்கும் சித்தி கொடுத்தது. கழித்துப் போட்டது. பிப்ரவரியை இரண்டு தடவை வைத்துத் தைத்துவிட்டார்கள், மார்ச் இல்லை. இரண்டாவது பிப்ரவரியில் மாதத்தை மட்டும் அடித்துவிட்டு எழுதுகிறேன். கிழமை சரியாக வருகிறது. 29 வந்தால் தாள் இருக்காது. அப்போது பார்க்கலாம்.

எட்டாவதோடு நின்றவளுக்கு டைரி எதற்கு என்று சித்தி சிரித்தாள். எனக்குப் பேச வராது. அதற்குத்தான்.

பட்டாசுக் கம்பெனியில் இன்று முழுக்கத் திரி வெட்டினேன். பக்கத்தில் மு.மாரி அக்கா. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அண்ணன் அதே கம்பெனியில் மருந்து ரூமில். அங்கே ஆம்பளைகள் எல்லோரும் அரை டவுசரோடு வெறும் மேலில் நிற்பார்கள். அண்ணன் மட்டும் சட்டையோடு. போர்மேன் அண்ணாச்சி இன்று சொல்லிவிட்டார்: “பங்குனி பொறந்தா எவனும் சட்டையோட உள்ள நிக்கக் கூடாது.”

திரும்பும்போது வேனில், மருந்து ரூம் பாண்டி அண்ணனிடம்: “ஏலே முருகேசா, இந்த வருசம் தீச்சட்டி எடுக்கியா, இல்ல பொம்பளையாளுகளோட பால்குடமா?”

வேனே சிரித்தது. மு.மாரி அக்காவும். பிறகு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் வெளியே பார்த்துப் பனை எண்ணினேன். ஆமத்தூர் விலக்கு வரை பதினொன்று.

அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதில் ஆரம்பித்தது. மார்பு வீங்கினது போல. வயசுப் பையனுக்கு வரும், போய்விடும் என்றார்கள். போகவில்லை. இப்போது இருபது. சட்டைக்குள் இறுக்கிப் பட்டை கட்டிக்கொள்கிறான். நைலான் துணி, இலாஸ்டிக். தைத்துக் கொடுத்தது நான்.

மருந்து ரூமில் நைலான் கூடாது. உரசினால் பொறி. ரூம் வாசலில் செம்புத் தகடு அடித்திருக்கும், உடம்பில் உள்ள கரண்டு இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அண்ணன் இரண்டு தடவை தொடுகிறான் என்று அதற்கும் பாண்டியின் கேலி. ஏன் இரண்டு தடவை என்று எனக்கு மட்டும் தெரியும்.

மார்ச் 4, ஞாயிறு

புதன்கிழமை ஆபரேஷன். வி.நகர் ஆஸ்பத்திரியில். அண்ணனே போய் விசாரித்து, நாள் குறித்துவிட்டு வந்து சொன்னான்.

அப்பா: “ஆம்பளப் பய. இதுக்குப் போயி ஆபரேசனாலே?”

அம்மா: “நீங்க சும்மா இருங்க. எட்டு வருசமா எம்புள்ள கெணத்துல எறங்கிக் குளிக்கல. தெரியுமா ஒங்களுக்கு?”

அப்பாவுக்குத் தெரியாது. எழுந்து வெளியே போய்விட்டார்.

அம்மாவின் காதில் தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி. ஆபரேஷனுக்குப் பணம் எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.

அம்மா லீவு போட்டால் தெருவே கேட்கும். அதனால் துணைக்கு அப்பாவும் நானும். எடுத்துப் போக வேண்டியவை: போர்வை 2, சொம்பு, டம்ளர், பழைய துணி, பிளாஸ்க் (சித்தி வீட்டில் வாங்கணும்), சோப்பு, விபூதி.

ஊருக்குச் சொல்ல வேண்டியது: குடல்வால் ஆபரேஷன்.

அண்ணன் சிறுபிள்ளையில் அம்மை கண்டு கிடந்தபோது அம்மா நேர்ந்துகொண்டது, பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி. சட்டை போட்டு எடுக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வான். இன்று அவனே சொன்னான். “இந்த வருசம் எடுக்கேம்மா.”

மார்ச் 7, புதன்

ஆஸ்பத்திரி வராந்தா. பினாயில் வாடை. பேனா கசிகிறது.

டாக்டர் ஊருக்குப் புதிது. கோயம்புத்தூர்ப் பக்கம். புதன்தோறும் மட்டும் வருகிறார். நல்ல மாதிரி. அண்ணனிடம், “ஹார்மோன் கோளாறுங்க தம்பி. உங்க தப்பு இல்ல. நிறையப் பேருக்கு இருக்கு, யாரும் வெளிய சொல்றதில்ல” என்றார். அண்ணன் தலையைக் குனிந்தே இருந்தான்.

உள்ளே கொண்டுபோன பிறகு அப்பாவிடம் கேட்டார்.

“தம்பி என்ன வேலைங்க பண்றாரு?”

“மருந்து வேலைங்க.”

“அப்படிங்களா. நல்லதாப் போச்சு. மாத்திரையெல்லாம் நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. நின்னுட்டுத்தானே இருக்கணும்?”

“ஆமாங்க. நின்னுட்டுத்தான்.”

“அப்ப தையல் பிரிச்ச மறுநாளே போகலாம். கனமா மட்டும் எதுவும் தூக்க வேண்டாம்.”

அப்பாவுக்குச் சந்தோஷம். எனக்கு அப்போதுதான் விளங்கியது. டாக்டர் மருந்துக் கடையை நினைத்துக்கொண்டிருக்கிறார். சீசா, அலமாரி, மேலே காற்றாடி. எங்கள் ஊரில் காய்ச்சலுக்குக் குடிப்பது மாத்திரை, டானிக். மருந்து என்றால் வெடிமருந்து ஒன்றுதான்.

“சார்” என்றேன்.

“என்ன பாப்பா?”

நர்ஸ் இரண்டு பேர் என்னையே பார்த்தார்கள்.

“குடிக்கத் தண்ணி எங்கன இருக்கு?”

காட்டினார். போய்க் குடித்தேன். தாகமே இல்லை.

மார்ச் 8, வியாழன்

இரண்டு பக்கமும் கட்டு. கட்டுக்குள்ளிருந்து குழாய், குழாய் முனையில் சிறிய டப்பா. டப்பாவில் ரத்தத் தண்ணீர். அதை அளந்து எழுதி வைக்க என்னிடம் சீட்டு கொடுத்தார்கள்.

கண் விழித்ததும் அண்ணன் கேட்டது: “ரெண்டையும் எடுத்துட்டாகளா?”

“எடுத்துட்டாகண்ணே. வலிக்கா?”

கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. நான் துடைக்கவில்லை, பார்க்காதது போல் பிளாஸ்க்கைக் கழுவினேன். அவன் கூனாமல் மல்லாந்து படுத்து நான் பார்த்ததே இல்லை.

கட்டுக்கு மேல் போட ஒரு பனியன் கொடுத்தார்கள். தோல் நிறம், இறுக்கம், முன்னால் வரிசையாகக் கொக்கி. நர்ஸக்கா சொன்னாள்: “ராத்திரி பகல் ஆறு வாரம் இத களத்தக் கூடாது. களத்துனா உள்ள நீர் கட்டிரும்.”

கழுத்துப் பட்டியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்து. கூட்டிப் படித்தேன்.

நைலான்.

மார்ச் 11, ஞாயிறு

நேற்றுக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எதிர்வீட்டு மாரியம்மா அத்தை பார்க்க வந்தாள். ஆர்லிக்ஸ் பாட்டில்.

“வவுத்துல எங்கன கீறுனாக?”

அம்மா இடது பக்கம் காட்டினாள்.

“எந்தம்பிக்கு வலதுல்ல கீறுனாக?”

“இவனுக்கு எடதுலதான்” என்றாள் அம்மா. முகம் மாறவே இல்லை. அத்தை போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தோம். அண்ணன் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

டப்பாவில் இன்று கொஞ்சம்தான்.

மார்ச் 14, புதன்

தையல் பிரித்தார்கள். குழாய் முன்பே எடுத்தாயிற்று. “நாளைக்கு வேலைக்குப் போங்க தம்பி” என்றார் டாக்டர். இன்றும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா கையைப் பிடித்துக் கும்பிட்டார்.

சாயங்காலம் பனியனைக் கழற்றிவிட்டுக் கொல்லையில் நின்றான். வெறும் மேல். காற்றில். பக்கத்து வீட்டுக் கோழி மட்டும் பார்த்தது. அம்மா வந்து, புறங்கையால் அவன் நெஞ்சைத் தொட்டுவிட்டு உள்ளே போய் அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

“நாளைக்கு அந்தப் பனியன்?” என்றேன்.

“மருந்து ரூமுக்குள்ள அதோட எப்படிப் போக? இத்தன நாளு பயந்து பயந்து போனது போதும். பருத்தியில ஒண்ணு தச்சுக் குடு.”

அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்தேன். இரண்டு மடிப்பு, முன்னால் நாடா. எவ்வளவு இழுத்துத் தைத்தாலும் வேட்டி வேட்டிதான்.

மார்ச் 15, வியாழன்

பங்குனி 1. அண்ணாச்சி அண்ணனின் சட்டைத் துணியை விரலில் உருட்டிப் பார்த்தார். “பருத்திதான். ஆபரேசன் ஒடம்பு, தூசி படக் கூடாது. ஒரு மாசத்துக்குப் போட்டுக்க. அப்பறம் கிடையாது.”

செம்புத் தகட்டை ஒரு தடவைதான் தொட்டான். எனக்கு மதியச் சோறு நன்றாக இறங்கியது.

மார்ச் 19, திங்கள்

இடது பக்கம் வீங்கியிருக்கிறது. தொட்டால் தண்ணீர் பை மாதிரி அலைகிறது. அண்ணன் காட்டவில்லை. சட்டை ஒரு பக்கம் தூக்கி நின்றதில் தெரிந்தது.

நாள் முழுக்கச் சல்லடை, மூட்டை. வியர்வையில் வேட்டித் துணி தளர்ந்துவிடுகிறது. மருந்துக் கடைக்காரருக்குத் தூக்க என்ன இருக்கிறது, டாக்டர் அதைத்தான் நினைத்தார்.

“புதன்கிழமை போய்க் காட்டுவோம்ணே.”

“மறுபடி லீவு கேட்டா என் இடத்துல பாண்டியோட மச்சானைக் கொண்டுவந்து நிறுத்திருவாக. ராத்திரி அந்தப் பனியன இறுக்கிப் போட்டா அமுங்கிரும். நீ அம்மாட்டச் சொல்லாத.”

சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க எனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

மார்ச் 21, புதன்

அமுங்கவில்லை. பொங்கலுக்கு நாள் நெருங்குகிறது என்றான்.

மார்ச் 22, வியாழன்

எழுத்து கோணல்.

காலையில் கொடியில் பனியன் இல்லை. துவைத்துக் காயப் போட்டது நான். தேடினேன். பாயடியில், பெட்டியில், கொல்லையில். அதற்குள் வேன் ஆரன்.

வேனில் அண்ணன் முன் சீட்டில். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அந்த நிமிர்வு பனியன் கொடுக்கிற நிமிர்வு.

திரி ஷெட்டிலிருந்து பார்த்தேன். தகட்டை மூன்று தடவை தொட்டான்.

உட்கார்ந்து வெட்டினேன். எல்லாம் அளவு தப்பு. மு.மாரி அக்கா, “என்ன புள்ள, இப்படி வெட்டுத? காய்ச்சலா?” என்றாள். எழுந்தேன். பொம்பளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது. போனேன். அண்ணாச்சி வேப்பமரத்தடியில் நின்றார்.

“அண்ணாச்சி, எங்கண்ணே உள்ள நைலான் போட்டிருக்கான்.”

எம்புட்டுச் சத்தமாகப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. பழக்கம் இல்லை. எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

அவர் கத்தவில்லை. “எல்லாரும் வேலைய நிப்பாட்டுங்க. பதறாம வெளிய வாங்க. முருகேசா, நீ கடைசியா. எதுலயும் உரசாத.”

ஒவ்வொருவராக வந்தார்கள். உடம்பெல்லாம் சாம்பல் நிற மருந்துப் பொடி, கண் மட்டும் வெள்ளை. கடைசியில் அண்ணன். என்னைப் பார்த்தான்.

“சட்டையக் களத்துலே” என்றார் அண்ணாச்சி.

சட்டையைக் கழற்றினான். பனியன் கொக்கி அவன் விரலுக்கு வரவில்லை. யாரும் பக்கத்தில் போகவில்லை. நான் போய் ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். பதினாறு கொக்கி.

ஒரு பக்கம் தட்டையாக, சிவந்த தழும்போடு. மறுபக்கம் உருண்டு. எல்லோரும் பார்த்தார்கள். பாண்டி சிரிக்கவில்லை. வேறு யாரோ, சின்னதாக. யார் என்று தெரியவில்லை.

“அறிவிருக்காலே ஒனக்கு? உள்ள எத்தன உசுரு?” அண்ணாச்சியின் குரல் அப்போதுதான் நடுங்கியது. “வீட்டுக்குப் போ. இனிமே இங்கன வராத.”

சட்டையை மாட்டிக்கொண்டு ஆமத்தூர் ரோட்டில் நடந்தான். பனியன் மணலில் கிடந்தது. நான் எடுத்து என் பையில் வைத்தேன்.

மார்ச் 23, வெள்ளி

அம்மா: “எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்ல? அம்புட்டுப் பேரு முன்னாலயா?”

அப்பா: “அவ சொல்லலேன்னா இன்னைக்குப் பேப்பர்ல நம்ம ஊர் பேரு வந்திருக்கும். விடு.”

அண்ணன் என்னோடு பேசவில்லை. நான் வைத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. எழுந்து போய் அவனே மோந்து குடித்தான்.

மார்ச் 25, ஞாயிறு

பாண்டி வாசல் வரை வந்தான். அண்ணன் விட்டுவிட்டு வந்த தூக்குவாளி. “கேட்டேன்னு சொல்லு தங்கச்சி” என்றான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, போய்விட்டான்.

வாளிக்குள் வியாழக்கிழமைச் சோறு. பூசணம். மூன்று தடவை தேய்த்தும் வாடை போகவில்லை.

தீச்சட்டிக்கு இன்று மஞ்சள் துணி வாங்க வேண்டும் என்று போன வாரம் அம்மா சொல்லியிருந்தாள். யாரும் கடைக்குப் போகவில்லை.

மார்ச் 28, புதன்

வி.நகர். அப்பாவுக்கு லீவு இல்லை. அண்ணனும் நானும். போகும்போது பஸ்ஸில் வேறு வேறு சீட்.

பெரிய ஊசி போட்டு நீரை உறிஞ்சினார்கள். வைக்கோல் நிறம். அண்ணன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஒரு தடவையில் தீராது, அடுத்த புதனும் வர வேண்டும், உள்ளே கெட்டியாகிவிட்டால் மறுபடி கீற வேண்டும் என்றார் டாக்டர்.

“கடையில ரொம்ப வேலைங்களா தம்பி?”

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் முந்திக்கொண்டான்.

“இப்ப வேலை இல்லைங்க சார்.”

“அப்ப நல்லதுங்க. ஓய்வா இருங்க.”

திரும்பும்போது இரட்டைச் சீட்டுதான் இருந்தது. ஜன்னல் பக்கம் அவன். ஆமத்தூர் தாண்டிக் கேட்டான். ஆறு நாளில் முதல் பேச்சு.

“அந்த ஆளு மருந்துக் கடைன்னு நெனச்சது ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்.”

வெளியே திரும்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், ஊசி குத்திய இடத்தில் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.

“அண்ணே, சட்டை நனையுது.”

என் மடியிலிருந்த துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டான்.