ஊன்றிய முழங்கால்

செவ்வாய், இரவு.

கோயில் மண்டபத்து யோகா வகுப்பில் இன்றும் என்னால் அசையாமல் உட்கார முடியவில்லை. சம்மணமிட்டுக் கண்ணை மூடினால் கொஞ்ச நேரத்தில் வலது முழங்கால் தானாக நிமிர்ந்துகொள்கிறது. சொல்லிக்கொடுக்கும் தேவி அக்கா என் முழங்காலைத் தொட்டார்.

“இது தியானத்துக்கு உக்கார்ற மாதிரி இல்ல லா. எந்திரிச்சி ஓடறதுக்கு உக்கார்ற மாதிரி இருக்கு. யாரு கூப்பிடறா உங்கள?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

படுக்கையில் கிடந்த வருடங்களில் மாமியார் வாயால் கூப்பிடமாட்டார். கரண்டியால் கோப்பையைத் தட்டுவார். சாப்பிடும்போதுகூட நான் ஒரு காலை ஊன்றியேதான் உட்காருவேன். அவர் போய்ச் சேர்ந்து தீபாவளியும் வந்து போய்விட்டது.

என் வீட்டுக்காரருக்கு இன்று லூமுட் துறைமுகத்தில் வேலை, வீட்டில் யாருமில்லை. மாமியார் கட்டில் இருந்த இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தேன். இரண்டு முழங்கால்களும் தரையில் படிந்தன. முதுகில் எந்தப் பிடிப்பும் இல்லை. மூச்சு தன் பாட்டுக்குப் போய்வந்தது. இவ்வளவுதானா என்றிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டில் யாரோ குடிக்க மைலோ கலக்கினார்கள். கரண்டி கோப்பையில் பட்டது.

நினைவு வந்தபோது அடுப்படியில் நின்றிருந்தேன். கையில் மாமியாருடைய கஞ்சிக் கிண்ணம் இருந்தது.