மதினி வைத்த க்யூவில் ஒரு தப்பு

என் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் காரணமான என் பிரியமான மதினிக்கு,

மஞ்சள் காமாலையில் நீங்கள் போய்ச்சேர்ந்த பிறகு பொறாமையும் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, கூடித்தான் இருக்கிறது. அண்ணனுக்கு மனைவியாக வந்தீர்கள், சரி. நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியிலேயே கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைமையாகவும் வர வேண்டுமா? இப்போது உங்கள் நாற்காலியில் நான். வருகிறவர்கள் எல்லாம் "அந்தம்மா சீட்டா இது?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறார்கள்.

முன்பெல்லாம் சிவகாசி ஆபீசில் ஆர்டர் போட்டால், ஏழாயிரம்பண்ணையில் சரக்கு அடுக்கும் கிட்டங்கியின் சர்வர் பதில் சொல்லும்வரை எல்லாம் அப்படியே நிற்கும். சீசனில் கேட்கவே வேண்டாம். நீங்கள்தான் நடுவில் ஒரு மெசேஜ் க்யூ, அதாவது ஆர்டர்கள் காத்திருக்க ஒரு வரிசை, வைத்தீர்கள். ஆபீஸ் ஆர்டரை அதில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். கிட்டங்கி சர்வரில் நீங்கள் எழுதிய புரோகிராம் அதை ஒவ்வொன்றாக எடுத்து லோடு சீட்டு அடிக்கும்.

"வெடிமருந்து அடைக்கிற ரூம்ல கையில இருக்கது தீந்தாத்தான அடுத்த மருந்த உள்ள கொண்டுபோறாக? அதே மாதிரிதான்" என்று நீங்கள் விளக்கியதும் முதலாளி அசந்துபோனார். நீங்கள் விருதுநகர் டவுனிலிருந்து வந்தவர். பட்டாசு ஊரான விஸ்வநத்தத்தில் பிறந்து, அந்த அறையில் வேலை பார்த்தவருக்கு மகளான எனக்கு அது ஏன் தோன்றவில்லை?

இந்த சீசனில் ஒரு வியாபாரிக்கு ஒரே லோடு இரண்டு முறை போய்விட்டது. லோடு ஏற்றும் மேஸ்திரி மாரிச்சாமி அண்ணன் மேல் பழி விழுந்தது. "சீட்டு ரெண்டு வந்துச்சு, ரெண்டு தடவ ஏத்துனோம். நான் என்னத்த செய்ய?" என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. தீபாவளிக்கு முன்னாலேயே அவரை நிறுத்திவிடப் பேச்சு நடந்தது.

உங்கள் புரோகிராமைத் திறந்தேன். அவருக்காக மட்டும் திறக்கவில்லை. உங்களிடம் ஒரு தப்பாவது இருந்துவிடாதா என்ற ஆசை. இருந்தது மதினி! சீட்டு அடித்து, மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் 'முடிந்தது' என்று க்யூவுக்குத் தகவல் போகிறது. அதற்குள் கரண்ட் போனால், வேலை முடியவில்லை என்று எடுத்துக்கொண்டு க்யூ அதே ஆர்டரை மறுபடி கொடுக்கும். ஏற்கெனவே பார்த்த ஆர்டரா என்று சரிபார்க்க நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. கரண்ட் போனாலும் சர்வருக்கு பேட்டரி இருக்கிறது என்ற தைரியமா? இந்த சீசனில் அதுவும் கைவிட்டுவிட்டது.

முதலாளியிடம் சொன்னேன். "அந்தம்மா எழுதுனதுல தப்பா? செத்தவுக மேல பழி போடாதம்மா" என்றார். வீட்டில் அண்ணன், "அவ இருக்கும்போதும் ஒனக்கு ஆகல. இப்பவும் விடமாட்டியா?" என்றான். பொறாமைக்காரி சொன்னால் பொய்யாகத்தான் இருக்குமா?

மறுநாள் எல்லோரையும் கிட்டங்கிக்குக் கூட்டிப்போனேன். அண்ணனையும்தான். ஒரு டெஸ்ட் ஆர்டர் போட்டேன். சீட்டு வெளியே வந்ததும் சர்வர் பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடி மாட்டினேன். அதே சீட்டு இன்னொரு முறை வந்தது. முதலாளி இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாரிச்சாமி அண்ணன், "பொழச்சேன் தாயி" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் வேலை தப்பியது.

ஜெயித்துவிட்டேன். உடனே திரும்பி உங்கள் முகத்தைத் தேடினேன். நீங்கள் முகத்தைச் சுளித்து, "எங்க, காட்டு பாப்போம்" என்று என்னோடு மல்லுக்கு நின்றிருக்க வேண்டும். தோற்க நீங்கள் இல்லாமல் ஜெயித்து நான் என்ன செய்ய, மதினி? அண்ணன் அன்று வெளியே போய் நின்று அழுதான். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

தப்பைச் சரிசெய்துவிட்டேன். இப்போது எத்தனை முறை கரண்ட் போனாலும் ஒரு ஆர்டருக்கு ஒரு லோடுதான். "அந்தம்மா வச்ச ஏற்பாடு, அசையாதுல்லா" என்று வியாபாரிகள் உங்களைத்தான் புகழ்கிறார்கள். எரிகிறது எனக்கு.

மற்றவர்கள் செய்வதைப் போல உங்களைக் குற்றமே இல்லாதவராக்கி, மாலை போட்ட படத்துக்குள் உட்கார வைக்க மாட்டேன். நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியோடும் சண்டை போடுவேன். நான் இருக்கும்வரை உங்களுக்கு ஓய்வு கிடையாது, இது சத்தியம்.

என்றும் உங்களோடு போட்டிக்கு நிற்கும்
உங்கள் நாத்தனார்,
செல்வி