பெயருக்கு முன்னால் ஒரு வெற்றிடம்

இன்று காலை கணினித் திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி வந்து நின்றது: "இவர் உயிருடன் உள்ளாரா என்பது படிவத்தில் இல்லை. வீட்டாரைக் கேட்கவும்." வாசித்ததும் உம்முடைய குரல்தான் எனக்குக் கேட்டது. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. படிவம் உம்முடைய அம்மாவினுடையது; கேள்வி உம்முடைய தம்பியைப் பற்றியது. அம்மா நேற்றுக் காலமாகிவிட்டா.

யாழ்ப்பாணத்துப் பத்திரிகையில் மரண அறிவித்தல் மேசையில் நாமிருவரும் எதிரெதிரே இருந்த காலத்தில், நீர் எந்நேரமும் தொலைபேசியும் கையுமாகவே இருப்பீர். "மன்னிக்கோணும் அம்மா, உங்கடை ரெண்டாவது மருமகன் இருக்கிறாரோ?"

"செத்தவீட்டுக்குப் போன் எடுத்து ஆர் உயிரோடை எண்டு கேக்கிற ஒரே ஆள் நீர்தான்" என்று நக்கலடிப்பேன். நீர் கோபிக்க மாட்டீர். "தெரியாட்டிக் கேளும். கேக்க வெக்கமெண்டால் இடத்தை வெறுமையா விட்டிடும். நீராய் நிரப்பாதையும்" என்பீர்.

பிறகு செயற்கை நுண்ணறிவுச் செயலி வந்தது. படிவத்தைக் கொடுத்தால் போதும், அறிவித்தல் தயார். எனக்குப் பெரிய புளுகம், அவ்வளவு சந்தோசம். நீர் மட்டும் அதன் வரிகளை விரல் வைத்து வாசித்துவிட்டு, "உது நல்ல வடிவா எழுதுது. அதுதான் எனக்குப் பயம்" என்றீர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புற்றுநோய் உம்மைக் கொண்டுபோனபோது, உம்முடைய அறிவித்தலை எழுதும் வேலை என்னிடம் வந்தது. அழுதுகொண்டே படிவத்தைச் செயலியிடம் கொடுத்தேன். எழுதித் தந்ததை இணுவிலில் உம்முடைய வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சகோதரர் வரியில் முதலில் கனடாவிலிருக்கும் அண்ணை. அடுத்தது போர் முடிந்த நாட்களில் காணாமற்போன தம்பி. அவன் பெயருக்கு முன்னால் செயலி 'காலஞ்சென்ற' என்று போட்டிருந்தது. நான் அதையும் சேர்த்து வாசித்தே விட்டேன்.

"என்ரை பிள்ளை செத்துப்போனான் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்றா அம்மா. கத்தவில்லை. "பேரை மட்டும் போடுங்கோ. முன்னாலை ஒண்டும் வேண்டாம்."

ஒருவரும் சொல்லவில்லைத்தான். படிவத்தில் அண்ணையின் பெயருக்குப் பக்கத்தில் கனடா என்றிருந்தது; தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் நாடு எதுவும் இல்லை. பழைய அறிவித்தல்களைப் பார்த்துப் பழகிய செயலி, அந்த இடத்தை வழமையான சொல்லால் அடைத்துவிட்டது. அதற்கு அம்மாவைத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அடுத்த நாளே, செயலியைச் செய்து தந்த பெண்ணோடு சண்டைக்குப் போனேன். கடைசியில் இருவருமாக இருந்து மாற்றினோம். படிவத்தில் உள்ளதை மட்டுமே அது எழுத வேண்டும். எந்த விபரம் எந்த வரியிலிருந்து வந்தது என்று பக்கத்திலேயே காட்ட வேண்டும். வரி இல்லாவிட்டால் நிரப்பாமல் கேட்க வேண்டும். "உங்கடை சிநேகிதி சொன்னதைத்தானே அப்பிடியே எழுதுறம்" என்றா அவ. பிழைகள் குறைந்தன, ஒரேயடியாக நிற்கவில்லை. போன கிழமையும் ஒருவர் பிறந்த ஊரையும் வாழ்ந்த ஊரையும் மாற்றிப் போட்டது. அதனால் கடைசி வாசிப்பு எப்போதும் தொலைபேசியில், வீட்டாரோடு.

இன்று உம்முடைய அண்ணைக்கு எடுத்தேன். "அண்ணை, தம்பியின்ரை பேருக்கு முன்னாலை என்ன போடுறது?"

அவர் திருப்பிக் கேட்டார்: "அண்டைக்கு அம்மா உமக்கு என்ன சொன்னவ?"

"ஒண்டும் வேண்டாம் எண்டவ."

"அப்ப அப்பிடியே விடும்."

விட்டேன். அம்மாவின் நாளைய அறிவித்தலில் தம்பியின் பெயர் தனியே நிற்கும். அதற்கு மேலே உம்முடைய பெயர். அதற்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று நானே தட்டினேன். அதற்கு மட்டும் ஒருவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.