கோத்திரம் எழுதும் கட்டம்

டாலஸ்,
11 பிப்ரவரி 2007

அன்புள்ள நைனாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் பல்லைக்கூடத் துலக்காமல், நீங்கள் அனுப்பிய சந்திரகிரி முதியோர் குடியிருப்பின் வரைபடத்தை மேசைமேல் விரித்து, கட்டிலிலிருந்து குளியலறை எத்தனை அடி என்று கணக்குப் பார்த்தேன். ஒன்பது அடி. பரவாயில்லை. நகரி வீட்டில் நீங்கள் விழுந்து, பால் ஊற்றும் கிருஷ்ணம்மா வரும்வரை அப்படியே கிடந்தது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. போனில் கத்தினாலும் உங்களுக்குக் கேட்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

தரைத்தளம் கேளுங்கள். குளியலறையில் ஈரக்காலோடு நடந்து பாருங்கள், வழுக்குகிறதா என்று. டாக்டர் தினமும் வருகிறாரா, கூப்பிட்டால்தான் வருகிறாரா? ஆபீஸில் சொல்வதை நம்பாமல், அங்கேயே ஒரு வருஷம் இருந்தவரிடம் விசாரியுங்கள். ஒருவேளை சாப்பிட்டும் பாருங்கள். வீட்டை விற்பது அதன்பிறகுதான்.

இங்கே வந்துவிடுங்கள் என்று இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைப்பீர்கள். நாங்கள் இருவரும் வேலைக்குப் போனபின் பகலெல்லாம் நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள், நைனா.

உங்கள்
ரோஹிணி


நகரி,
2 மார்ச் 2007

மகள் ரோஹிணிக்கு நைனா எழுதுவது. நான் நல்லா கீறேன். இடத்தைப் பாத்துக்கினு வந்தேன். திருமலை ரோட்டுல இருபத்தாறு வருசம் பஸ் ஓட்டினவனுக்கு, ஜன்னல்ல மலை தெரியறதே போதும். சாம்பார்ல உப்பு இல்ல. மீன் கிடையாது. உமாபதின்னு ஒருத்தர், வேலூர்ல போஸ்ட்மாஸ்டரா இருந்தவர், "ருசி வேணும்னா என் ரூமுக்கு வாங்க, ஊறுகாய் ஒளிச்சு வச்சிருக்கேன்"னு காதுகிட்ட வந்து கத்தினார். அந்த ஹாலுக்கே கேட்டுது. ஆளு புடிச்சுப்போச்சு.

ஃபாரத்துல கோத்திரம்னு ஒரு கட்டம் கீது. சனிக்கிழமையானா அய்யர் வந்து எல்லார் பேருலயும் அர்ச்சனை பண்றாராம். நம்ம ஜனத்துக்கு ஏது அது? நம்மளைக் கோயிலுக்குள்ள வுட்டதே நேத்து. காலியா வுட்டேன். மேனேஜர் சுலோசனா மேடம், "பர்வாலேது, வீட்ல கேட்டு எழுதுங்க"ன்னுச்சு. வீட்ல யாரு கீறா? உன்னைக் கேக்கறேன்.

கங்கையா


டாலஸ்,
19 மார்ச் 2007

அன்புள்ள நைனாவுக்கு,

பாரத்வாஜ என்று எழுதிவிடுங்கள். பதினெட்டு வருஷமாக இங்கே கோயிலில் நானும் உங்கள் மருமகன் வெங்கட்டும் அதைத்தான் சொல்கிறோம். வந்த புதிதில் அர்ச்சகர் கேட்டார். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பம் சொன்னதை நானும் சொல்லிவிட்டேன். அதற்குப்பின் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. உங்கள் பேத்தி பிரியங்கா அது நிஜம் என்றே நினைக்கிறாள்.

ஒரு சொல்லுக்காக நல்ல இடத்தை விட்டுவிடாதீர்கள்.

உங்கள்
ரோஹிணி


சந்திரகிரி,
10 ஜூலை 2007

ரோஹிணிக்கு,

வீட்டை வித்துட்டு இங்க வந்து ஒரு மாசம் ஆச்சு. நீ சொன்னதையே எழுதினேன். உமாபதிக்கும் அதே கோத்திரமாம். "அடப்பாவி, நீ என் பங்காளியா! அதான் ஊறுகாயில பங்கு கேக்கற"ன்னு முதுகுல ஒரு அடி வச்சார். மூணு வேளையும் அவரோடதான் துன்றேன். சனிக்கிழமை அய்யர் எங்க ரெண்டு பேரையும் சேர்த்தே சொல்றார். அப்ப மட்டும் தலையைக் குனிஞ்சுக்கறேன்.

நைனா


சந்திரகிரி,
4 நவம்பர் 2007

ரோஹிணிக்கு,

உமாபதி போயிட்டார். தூக்கத்துலயே. மகன் கனடாவுல. வர்றதுக்கு மூணு நாளாகும், பங்காளிதான் அங்கயே இருக்காரே, அவரே கொள்ளி வைக்கட்டும்னு சொல்லிட்டான். எனக்குப் புது வேட்டி குடுத்தாங்க. தலைக்கு ஊத்திக்கினு ஈரத்தோட வந்து நின்னேன். நெருப்புச் சட்டியைக் கையில குடுத்தாங்க. முடியல. நான் பங்காளி இல்ல, அந்தக் கோத்திரம் எனக்கு இல்லன்னு சொல்லிட்டேன். அப்ப நீங்க யாருன்னு அய்யர் கேட்டார். அதையும் சொன்னேன். சட்டியைத் திருப்பி வாங்கிக்கினாங்க. சமையல்கார வரதராஜன்தான் கொள்ளி வச்சது. சுடுகாட்டுக்குப் போன வேன்ல என்னை ஏத்தல.

யாரும் திட்டல. சாப்பாட்டு ஹால்ல என் மேசைக்கு ஒருத்தரும் வர்றதில்ல, அவ்ளோதான். தட்டை ரூமுக்கே அனுப்பிடறேன்னு மேடம் மரியாதையாத்தான் சொல்லுது. நான் ஹால்லயே போய் உக்காந்துக்கினு கீறேன்.

எழுபத்தாறு வயசுல இனி எங்க போறது? நீ ஒருவாட்டி வா. என் பக்கத்துல உக்காந்து ஒருவேளை துன்னுட்டுப் போ. இவனுக்கும் ஒரு மகள் கீறான்னு அவங்க பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.

நைனா


டாலஸ்,
25 நவம்பர் 2007

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. வெங்கட்டிடம் காட்டவில்லை.

கேட்டால் லீவு தருவார்கள். டிக்கெட்டும் இருக்கிறது, பார்த்துவிட்டேன். அந்த ஹாலில் உங்கள் பக்கத்தில் உட்கார எனக்குப் பயமில்லை. அங்கே என்னை யாருக்கும் தெரியாது. திரும்பி வந்தால், அவசரமாக ஏன் போனாய், தாத்தாவுக்கு என்ன ஆயிற்று என்று பிரியங்கா கேட்பாள். அவளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. கோத்திரம் வேறு வேறு, பொருத்தம்தான் என்று பையன் வீட்டார் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வெங்கட் தலையாட்டினார். நான் காபி கொண்டுவந்து வைத்தேன்.

அந்தச் சட்டி என் கையில் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். வேனில் ஏறிப் போய்க் கொள்ளி வைத்துவிட்டு, ஹாலுக்குத் திரும்பி வந்து எல்லாரோடும் சாப்பிட்டிருப்பேன்.

இந்தக் கடிதத்தை அனுப்பப் போவதில்லை. நாளைக்கு வேறொன்று எழுதுவேன்: ஆபீஸில் லீவு இல்லை, அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன் என்று. அதை நீங்கள் நம்புவீர்கள்.

நான் வரமாட்டேன், நைனா. அடுத்த வருஷமும்.